நாடுகளால் ஆன நாடு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஓர் இலக்கிய வட்டம் பத்து ஆண்டுகள் இடைவிடாது இயங்குவது எளிய செயலன்று. அதிலும் இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நீளும் இக்கடற்கரைத் தொழிற்பகுதியில், ஆலைச் சங்கொலிக்கும் துறைமுக ஓசைக்கும் நடுவே தமிழ்க்குரல் ஒன்று பத்தாண்டுகள் ஓயாது ஒலித்திருப்பது போற்றுதற்குரியது. அத்தகைய அவையில் பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், 'நாடுகளால் ஆன நாடு' என்பதாகும். தனித்தனி நாடுகள் பல சேர்ந்து ஒரு பெருநாடு ஆவது எப்படி? சேர்ந்த பின் அச்சிறு நாடுகள் என்ன ஆகின்றன? இவை அரசியல் நூலார் ஆராய வேண்டிய வினாக்கள் ஆயிற்றே, தமிழாசிரியைக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் நினைக்கக்கூடும். நம் மொழியில் 'நாடு' என்னும் சொல்லே இவ்வினாவைத் தன்னுள் சுமந்து நிற்கிறது. ஆகவே சொல்லை ஆராய்வோர்க்கும் இதில் உரிமை உண்டு.

சொல்லின் இரு அளவுகள்

இன்று நாடு என்றால் இந்தியாவை நினைக்கிறோம். சீனாவையும் பிரான்சையும் நினைக்கிறோம். அதே மூச்சில் 'தமிழ்நாடு' என்று ஒரு மாநிலத்தையும் கூறுகிறோம். 'சோழநாடு சோறுடைத்து' என்னும் வழக்கில் வருவது தமிழ்நாட்டின் ஒரு பகுதி மட்டுமே. ஒரத்தநாடு, செட்டிநாடு என்னும்போது அளவு இன்னும் சுருங்குகிறது. சில ஊர்களின் தொகுதியே அங்கு நாடு எனப்படுகிறது. சில ஊர்களுக்கும் ஒரு பேரரசுக்கும் ஒரே பெயர் வழங்குவது எதனால்? சொற்பஞ்சத்தால் என்று கூற முடியாது. மண்டலம், கோட்டம், கூற்றம், வளநாடு, பாடி, தேயம் என்று நிலப்பகுப்புச் சொற்கள் தமிழில் மலிந்து கிடக்கின்றன. சிறிய நாடும் ஒரு முழுமை. பெரிய நாடும் ஒரு முழுமை. சிறியது பெரியதன் உறுப்பாகிய பின்னும் தன் முழுமையை இழப்பதில்லை என்ற எண்ணமே இச்சொல்லாட்சியின் அடியில் இருக்கிறது என்பது என் துணிபு. இக்கருத்தை இலக்கணம், கல்வெட்டு, காப்பியம், அண்மைய வரலாறு ஆகிய நான்கின் வழியாகவும் நிறுவ முயல்கிறேன்.

இலக்கணம் கண்ட கூட்டமைப்பு

தொல்காப்பியப் பாயிரம் வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் எல்லைகளாகக் காட்டுகிறது. அவ்வெல்லைக்குள் இருந்த நிலத்தை ஒரு மன்னன் ஆளவில்லை. சேர சோழ பாண்டியரும் வேளிரும் குறுநிலத் தலைவரும் பங்கிட்டு ஆண்டனர். எனினும், அரசால் பலவாய்க் கிடந்த நிலத்தை மொழியால் ஒன்றாகக் கண்டார் பனம்பாரனார்.

இந்த ஒருமை வெறும் புலவர் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஒடிசாவில் புவனேசுவரத்தை அடுத்த உதயகிரிக் குன்றில் கலிங்க மன்னன் காரவேலனின் அத்திகும்பா கல்வெட்டு உள்ளது. தமிழ் நாடுகளின் கூட்டணி ஒன்றைத் தான் முறித்ததாக அவன் அதில் கூறுகிறான் என்பது அறிஞர் பலர் ஏற்ற கருத்து. அக்கூட்டணி நிலைத்த காலம் 113 ஆண்டுகள் என்று சிலரும் 1300 ஆண்டுகள் என்று சிலரும் படித்துள்ளனர். ஆண்டுக் கணக்கு எவ்வாறாயினும், தமிழ் வேந்தர்கள் தம்முள் போரிட்டுக்கொண்டே வெளிப்பகைக்கு எதிரே ஒன்றாக நின்ற காலமும் உண்டு என்பதற்குப் பகைவனே சான்று பகர்கிறான். நண்பன் பாராட்டுவதினும் பகைவன் ஒப்புக்கொள்வது வலிய சான்று அல்லவா?

இனிச் சொல்லதிகாரத்துக்கு வருவோம். செந்தமிழ் நிலத்தைச் சூழப் பன்னிரு நிலங்கள் இருந்தன என்றும், அவ்வந்நிலத்துக்குரிய சொற்கள் திசைச்சொல் எனப்படும் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். தென்பாண்டி, குட்டம், குடம், பன்றி, பூழி, சீதம், அருவா, அருவா வடதலை என்றெல்லாம் அந்நிலங்களை உரையாசிரியர்கள் பட்டியலிடுவர். பட்டியல்கள் தம்முள் சிறிது வேறுபடும். குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்பர்; சீதநாட்டார் தோழியை 'இகுளை' என்பர்; அருவாநாட்டார் சிறுகுளத்தைக் 'கேணி' என்பர் என உரைகள் காட்டுகின்றன. அருவாநாடு என்பது பின்னாளைய தொண்டைநாட்டை ஒட்டிய பகுதி என்பர். திருவல்லிக்கேணி என்று நாள்தோறும் நாம் சொல்லும் பெயரில் அப்பழைய நாட்டுச் சொல் இன்னும் நீர் நிறைந்து நிற்கிறது!

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. செய்யுள் இயற்றுதற்கு உரிய சொற்கள் நான்கு என வரையறுத்த தொல்காப்பியர், இயற்சொல், திரிசொல், வடசொல் என்பவற்றோடு திசைச்சொல்லுக்கும் சம இடம் தந்தார். குட்டநாட்டானின் சொல் கொச்சை என்றோ, பூழிநாட்டானின் சொல் பிழை என்றோ அவர் விலக்கவில்லை. பன்னிரு நாடுகளும் தத்தம் சொல்லோடு வந்து தமிழ் என்னும் பெருநாட்டில் குடியேறலாம் என்று கதவைத் திறந்துவைத்தார். நன்னூலார் இன்னும் ஒரு படி மேலே சென்றார். பன்னிரு நிலத்தோடு, தமிழ் வழங்காத பிற பதினேழு நிலத்தின் சொற்களும் திசைச்சொல் ஆகலாம் என்றார். சட்டம் எழுதப்படாத காலத்தில் மொழியில் எழுதப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் இது என்பேன்.

ஒற்றியூர்க் கல்லில் நாடுகள்

இலக்கணத்தில் கண்டதை இனிக் கல்லில் காண்போம். நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. திருவொற்றியூர்த் திருக்கோயில் நமக்கு அருகிலேயே இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கொண்ட ஆவணக் களஞ்சியம் அது. பல்லவர், சோழர், இராட்டிரகூடர் எனப் பல மரபினரின் ஆண்டுக் கணக்குகள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன.

தொண்டைமண்டலம் 24 கோட்டங்களும் 79 நாடுகளும் கொண்டது என்பது வழிவழி வந்த கணக்கு. புழல், புலியூர், ஈக்காடு, பையூர், மணவில், எயில், தாமல், ஊற்றுக்காடு, வேங்கடம் முதலியன அக்கோட்டங்களுட் சில. நம் ஒற்றியூர் புழற்கோட்டத்தைச் சேர்ந்தது. இன்று குடிநீர் ஏரியாகவும் சிறைச்சாலையாகவும் மட்டும் நாம் அறிந்த புழல், ஒரு காலத்தில் ஒரு கோட்டத்துக்கே பெயர் தந்த தலைமை ஊர். ஊர்கள் சேர்ந்து நாடு. நாடுகள் சேர்ந்து கோட்டம். கோட்டங்கள் சேர்ந்து மண்டலம் என்ற அடுக்குமுறை அன்று இருந்தது.

இந்த நாடுகளை அரசர்கள் கோடு கிழித்து உண்டாக்கவில்லை. வேளாண்மைக்கு ஏற்ற நீர்வளம் உள்ள இடங்களில் ஊர்கள் தாமாகவே ஒன்றோடொன்று பிணைந்து வளர்ந்த தொகுதிகளே அவை என்பதைச் சோழர்கால நிலவியலை ஆராய்ந்த எ. சுப்பராயலு அவர்கள் விளக்கியுள்ளார். நாட்டுக்கு 'நாட்டார்' என்ற அவை இருந்தது. நிலம், நீர், வரி, அறக்கொடை பற்றி அது முடிவெடுத்தது. அரசனின் ஆணையும் நாட்டாரை முன்னிலைப்படுத்தியே வந்தது.

பேரரசு எழுந்தபோது என்ன நிகழ்ந்தது? முதலாம் இராசராசன் ஆறுகளை எல்லையாக வைத்து வளநாடுகளை வகுத்துத் தன் விருதுப் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினான். தொண்டைமண்டலம் சயங்கொண்ட சோழ மண்டலம் ஆயிற்று. ஈழம் மும்முடிச் சோழ மண்டலம் ஆயிற்று. கங்கபாடி முடிகொண்ட சோழ மண்டலம் ஆயிற்று. நுளம்பபாடி நிகரிலிச் சோழ மண்டலம் ஆயிற்று. மேலே உள்ள பெயர்களை எல்லாம் மாற்றிய பேரரசு, அடியில் இருந்த சிறு நாட்டின் பெயரில் பெரும்பாலும் கை வைக்கவில்லை. முந்நூறு ஆண்டுகளில் சோழப் பேரரசு மறைந்தது. அத்துடன் விருதுப் பெயர்களும் மறைந்தன. மும்முடிச் சோழ மண்டலம் எங்கே என்று இன்று யாழ்ப்பாணத்தில் கேட்டால் விடை கூறுவார் இல்லை. புழல் இன்றும் புழலாகவே இருக்கிறது. மேலிருந்து சூட்டப்பட்ட பெயரை விடக் கீழிருந்து வளர்ந்த பெயருக்கு ஆயுள் மிகுதி என்பது கல் கற்பிக்கும் பாடம்.

ஒற்றியூர்க் கல்வெட்டுகளுள் என்னைப் பெரிதும் கவர்ந்தது சதுரானன பண்டிதரைப் பற்றியது. அவர் கேரளத்தில் பிறந்தவர். வல்லபன் என்பது இயற்பெயர். சோழ இளவரசன் இராசாதித்தனுக்கு உற்ற துணைவராய் விளங்கினார். 949இல் தக்கோலப் போரில் இராசாதித்தன் மாண்டான். தலைவனோடு தானும் மடியவில்லையே என்ற துயரால் வல்லபன் துறவு பூண்டு, ஒற்றியூர் மடத்துத் தலைவராகிச் சதுரானன பண்டிதர் ஆனார். இச்செய்தியைக் கூறும் கல்வெட்டு, இராசாதித்தனை வென்ற இராட்டிரகூட மன்னன் கன்னரதேவனின் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டுள்ளது. சேரநாட்டில் பிறந்து, சோழனுக்குத் துணை நின்று, தொண்டைநாட்டில் துறவியாகி, கன்னட மன்னன் ஆட்சியில் அறம் செய்த ஒருவரின் வரலாறு அது. நான்கு நாடுகள் ஒரே கல்லில் பகையின்றி அமர்ந்திருக்கின்றன. போர்க்களத்தில் சேர முடியாத நாடுகள் ஒரு மனிதனின் வாழ்க்கையில் சேர்ந்தன.

பெரியநாடு

நாடுகளைச் சேர்த்தவர்கள் அரசர்கள் மட்டுமே என்று கருதுதல் வேண்டா. பதினொன்றாம் நூற்றாண்டு முதல் 'சித்திரமேழிப் பெரியநாட்டார்' என்ற பேரவை கல்வெட்டுகளில் காணப்படுகிறது. மேழி என்பது கலப்பை. பல நாடுகளைச் சேர்ந்த உழவர் பெருமக்கள் தம் நாட்டெல்லை கடந்து கூடிய அமைப்பு அது. தம்மை எழுபத்தொன்பது நாட்டார் என்று அவர்கள் கூறிக்கொண்டனர். கோயிலுக்குக் கொடை அளித்தனர். தமக்குள் விதித்துக்கொண்ட பங்குகளைப் பதிவு செய்தனர். தலையில் முடி சூடிய ஒருவன் இன்றியே, கலப்பையைச் சின்னமாகக் கொண்டு நாடுகள் சேர்ந்து ஒரு 'பெரியநாடு' உருவாயிற்று. என் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் வேறில்லை. வணிகர்களின் ஐந்நூற்றுவர் குழுவும் இவ்வாறே பல தேயத்தாரையும் தன்னுள் கொண்டு கடல் கடந்து இயங்கியது.

இதனைச் சொல்லும்போதே மற்றொரு பக்கத்தையும் மறவாது சொல்ல வேண்டும். பெரியநாட்டில் குரல் இருந்தது நிலமுடையோர்க்கு. நிலத்தில் உழைத்தும் நிலமில்லாதார்க்கு அங்கே இடம் இருந்ததாகத் தெரியவில்லை. பெண்களின் குரலும் கேட்கவில்லை. நாடுகள் சமமாகக் கூடின. நாட்டுக்குள் மாந்தர் சமமாக இல்லை. பழம்பெருமை பேசும்போது இக்குறையை மூடி மறைப்பது ஆய்வுக்கு அழகன்று.

சேர்க்கை எல்லாம் இனிமையாக நிகழவும் இல்லை. பாரியின் பறம்பு நாட்டை மூவேந்தர் முற்றுகையிட்ட வரலாற்றை நாம் அறிவோம். முந்நூறு ஊர்களைக் கொண்ட அச்சிறு நாடு பெருநாடுகளின் பசிக்கு இரையாயிற்று. தந்தையையும் குன்றையும் இழந்த மகளிர் இருவரின் துயரம் புறநானூற்றில் நிலைத்துவிட்டது. வென்ற வேந்தர் எவர் எவர் என்று தேட வேண்டியிருக்கிறது. தோற்ற பாரியைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். விழுங்கப்பட்ட நாட்டுக்கு இலக்கியமே அடைக்கலம்.

சேக்கிழார் தொகுத்த நாடு

நாடுகளை இலக்கியத்தில் ஒன்றுசேர்த்தவர்களுள் தலையாயவர் சேக்கிழார். புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரில் பிறந்தவர் அவர். பெரியபுராணத்தை நாம் பக்தி நூலாகப் படிக்கிறோம். அதை நிலநூலாகவும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அடியார் ஒருவரின் வரலாற்றைத் தொடங்கும்போது, அவர் பிறந்த நாட்டையும் ஊரையும் சொல்லியே பெரும்பாலும் தொடங்குவார். திருநாவுக்கரசரும் சுந்தரரும் திருமுனைப்பாடி நாட்டினர். இடங்கழியார் கோனாட்டுக் கொடும்பாளூரினர். பெருமிழலைக் குறும்பர் மிழலை நாட்டினர். ஆனாயர் மேல்மழநாட்டு மங்கலத்தார். கண்ணப்பர் பொத்தப்பி நாட்டு உடுப்பூரார். பொத்தப்பி நாடு இன்றைய ஆந்திரத்தில் இருக்கிறது. சேரமான் பெருமாள் மலைநாட்டு வேந்தர்.

நம் ஒற்றியூர்க்கும் அத்தொகையில் பங்கு உண்டு. செக்காட்டி எண்ணெய் எடுத்து விளக்கெரித்த கலிய நாயனார் இவ்வூரினர். பொருள் எல்லாம் தீர்ந்தபின் தம் குருதியையே எண்ணெயாக்கத் துணிந்தவர் அவர். ஞாயிறு என்னும் ஊரில் பிறந்து ஒற்றியூரில் தவம் இருந்த சங்கிலியாரை, திருமுனைப்பாடி நாட்டுச் சுந்தரர் மணந்ததும் இங்கேதான். உன்னைப் பிரியேன் என்று மகிழடியில் சூளுரைத்துவிட்டு, ஆரூர் நினைவு உந்த, அவர் இவ்வூர் எல்லையைத் தாண்டினார். தாண்டியதும் கண்பார்வை இழந்தார் என்பது வரலாறு. சிற்றூர் ஒன்றுக்குக் கொடுத்த வாக்கை மீறினால் தோழன் என்றும் பாராமல் தண்டிப்பான் இறைவன் என்பது இதன் உட்பொருள். நாடுகளைச் சேர்ப்பவர் யாராயினும் நினைவிற் கொள்ள வேண்டிய கதை இது. சேர்க்கை என்பது வாக்கு. வாக்குத் தவறினால் பார்வை போய்விடும்.

அரசனாயினும் வேடராயினும் குயவராயினும், பாணராயினும் வணிகராயினும், தத்தம் ஊர்ப்பெயரை இழக்காமலே அறுபத்துமூவர் என்ற ஒரு வரிசையில் நிற்கின்றனர். இதுவே சேக்கிழார் நமக்குக் காட்டிய பெருநாட்டின் வடிவம்.

நம் காலத்து ஒன்றியம்

இனி நம் காலத்துக்கு வருவோம். 1947இல் ஆங்கிலேயர் வெளியேறியபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமத்தானங்கள் இந்திய நிலப்பரப்பில் இருந்தன. தமிழகத்தில் புதுக்கோட்டை தனி அரசாக இருந்து 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. மொழிவழி மாநிலம் கேட்டு உண்ணாநோன்பு இருந்த பொட்டி சிறீராமுலு 1952 திசம்பர் 15இல் சென்னையில் உயிர் துறந்தார். 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சென்னை நகரம் யாருக்கு என்ற வழக்கு அப்போது சூடு பிடித்திருந்தது. ம.பொ.சி. போன்றோரின் முயற்சியால் தலைநகர் நமக்கு நிலைத்தது. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் தமிழகத்தோடு சேர்ந்தன; அதற்காக 1954இல் உயிர் கொடுத்தோர் உண்டு. 1960 ஏப்பிரல் 1இல் திருத்தணி வந்து சேர்ந்தது. நாட்டின் பெயருக்காகச் சங்கரலிங்கனார் 76 நாள் நோன்பிருந்து 1956 அக்டோபர் 13இல் மறைந்தார். 1969 சனவரி 14இல் 'தமிழ்நாடு' என்ற பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. நாடு என்ற சொல்லை ஒரு மாநிலம் தன் பெயரில் ஏற்றுக்கொண்டபோது பெருநாடு சிறுத்துவிடவில்லை. தொல்காப்பியர் காலத்துச் சொல்லாட்சி மீண்டும் ஒருமுறை மெய்யாயிற்று.

இந்திய அரசமைப்பின் முதற்கூறு, இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. மாநிலங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்து உண்டாக்கிய கூட்டு இது அன்று. ஆகவே எம்மாநிலமும் பிரிந்து செல்ல இயலாது. அது கருதியே ஒன்றியம் என்ற சொல் ஆளப்பட்டது என்று அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசமைப்பு அவையில் விளக்கினார். அதே அரசமைப்பு, மாநிலங்களின் எல்லையையும் பெயரையும் மாற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தந்துள்ளது. பிரிவதற்கு உரிமை இல்லாத நிலையில், உள்ளே இருந்துகொண்டே உரிமை கேட்பது ஒன்றே மாநிலங்களுக்கு உள்ள வழி. அவ்வழியில் அமைந்ததே மத்திய மாநில உறவுகளை ஆராய 1969இல் தமிழக அரசு அமர்த்திய இராசமன்னார் குழு. அது 1971இல் அறிக்கை தந்தது.

உலகெங்கும் இவ்வினா உயிரோடு இருக்கிறது. சுவிட்சர்லாந்து 26 மண்டலங்களும் நான்கு மொழிகளும் கொண்டு ஒரே நாடாக வாழ்கிறது. 1963இல் மலேசியாவில் சேர்ந்த சிங்கப்பூர் 1965இல் விலகியது. யுகோசுலாவியா தொண்ணூறுகளில் குருதி சிந்திச் சிதறியது. நம் நெஞ்சை அறுப்பது இலங்கை. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. 1957இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்துகொண்ட உடன்படிக்கை மறு ஆண்டே கைவிடப்பட்டது. ஒற்றியூரில் நாம் கண்ட பாடமே அங்கும்: வாக்குத் தவறியது, பார்வை போயிற்று. 2009 வரை சிந்திய குருதிக்கு அளவில்லை.

சுமை தாங்கும் நாடு

இதுகாறும் கூறியவை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். திருவள்ளுவர் 'நாடு' என்ற அதிகாரம் ஒன்றை வகுத்தார். அதில் ஒரு குறள், வேறு இடங்களில் இருந்து சுமை எல்லாம் ஒருங்கே வந்து இறங்கும்போது அதைத் தாங்கி, அரசுக்குரிய இறையையும் குறைவின்றித் தருவதே நாடு என்கிறது. பிற நாடுகள் பொறுத்த பாரம் எல்லாம் தன்னிடம் வருங்கால் தாங்குவது என்று பரிமேலழகர் விளக்குவார்.

அன்பர்களே, இக்குறளின் உரையை நான் வகுப்பறையில் நடத்தும்போதெல்லாம் நம் வடசென்னையே என் கண்முன் நிற்கிறது. 1708இல் கம்பெனியார் பெற்ற ஐந்து ஊர்களுள் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் சாத்தங்காடும் வியாசர்பாடியும் அடங்கும். 1856இல் தென்னகத்தின் முதற் புகைவண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1948இல் எண்ணூரில் மோட்டார் ஆலை வந்தது. 1965இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனம் உருவாயிற்று. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கி 2017 வரை மின்சாரம் தந்தது. 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையம். 2001இல் எண்ணூர்த் துறைமுகம். நாட்டுக்கு விளக்கேற்றியது நம் பகுதி. கலிய நாயனாரைப் போல, எண்ணெய் தீர்ந்தபோது தன் குருதியையும் கொடுத்தது.

2017 சனவரி 28இல் எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது வாளியாலும் கையாலும் அதை அள்ளியவர் நம் இளைஞர். 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசத்தலையாற்றில் பரவியபோது, நெட்டுக்குப்பத்து வலையும் தாழங்குப்பத்துப் படகும் கறுத்தன. அம்மாதமே நள்ளிரவில் அமோனியா கசிந்து பெரியகுப்பத்தார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். சாம்பல் படிந்த கழிமுகத்தில் இறால் தடவும் கைகளுக்குக் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. வெளிச்சம் எல்லார்க்கும், சாம்பல் ஒரு சாரார்க்கு.

வள்ளுவர் சுமை தாங்குவதை நாட்டின் பெருமையாகச் சொன்னார். சுமையை ஏற்றுபவனுக்குக் கடமை இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதே அதிகாரத்தின் இறுதியில், எல்லா வளமும் இருந்தாலும் வேந்தனோடு பொருத்தம் இல்லையேல் பயனில்லை என்று முடித்தார். பொருத்தம் இரு பக்கமும் உள்ளது. பெருநாடு தன் உறுப்பாகிய சிறு நாட்டின் மேல் சுமையை மட்டும் ஏற்றிவிட்டுப் பங்கைத் தராது போனால், அது சேர்க்கை ஆகாது. 2011இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. மாநகரின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அன்று நாமும் ஒரு பெருநாட்டில் சேர்ந்த சிறு நாடுதான். வரைபடத்தில் சேர்ந்தோம், மாநகரின் மனத்தில் சேர்ந்தோமா என்பதே என் கேள்வி.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள்

இக்கேள்விக்கு விடை தேடும் பொறுப்பில் பாதி ஆட்சியாளரிடம் உள்ளது. மறுபாதி கவிஞர்களாகிய உங்களிடம் உள்ளது என்பேன்.

இப்பகுதி மக்கள் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். இராயப்பரின் பெயரால் விளங்கும் இராயபுரத்தில் பரதவர் கட்டிய தேவாலயமும் இருக்கிறது. 1910இல் எழுந்த பார்சிகளின் தீக்கோயிலும் இருக்கிறது. தெலுங்கு பேசுவோர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். அறுபதுகளில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய தமிழர் தம்மோடு கொண்டுவந்த அத்தோ இன்று நம் தெருவோரத்து உணவு. இவர்கள் எல்லாரும் கூடிப் பேசும் தமிழில் நைனா என்ற தெலுங்கும், நாஷ்டா, கலீஜ், பேஜார் என்ற உருதுவழிச் சொற்களும், துட்டு என்ற டச்சுக்காசும், சாவி, அலமாரி என்ற போர்த்துகீசியமும் கலந்துள்ளன. திரைப்படம் இப்பேச்சை நகைப்புக்குப் பயன்படுத்தியது. இப்பேச்சு வாயில் வந்தாலே நேர்முகத் தேர்வில் மதிப்பெண் குறையும் என்று அஞ்சும் மாணவியரை நான் அறிவேன். வாய் திறக்குமுன் தன் ஊரை மறைக்க வேண்டியிருக்கும் பெண், அந்தப் பெருநகரில் எப்படிக் குடிமகள் ஆவாள்?

குட்டநாட்டுத் தள்ளைக்கும் சீதநாட்டு இகுளைக்கும் செய்யுளில் இடம் தந்த தொல்காப்பிய மரபு, காசிமேட்டு வலைத்தளத்தில் பிறக்கும் சொல்லுக்கு இடம் தராதா? செயகாந்தன் தம் கதைகளில் சென்னைச் சேரியின் பேச்சை அதற்குரிய மதிப்போடு எழுதிக் காட்டினார். பன்னிரு நிலத்தோடு பதின்மூன்றாவதாக நம் கடற்கரையையும் தமிழின் நிலமாக எழுதுங்கள். கொச்சையைக் கொண்டாட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தரமான தமிழைக் கற்பிப்பது என் தொழில். ஒரு சொல்லைக் கற்பிக்க மற்றொரு சொல்லைப் பழிக்க வேண்டுவதில்லை என்பதே என் கருத்து. இங்கே கடலின் நிறம், காற்றின் திசை, மீனின் இனம், நீரோட்டத்தின் போக்கு ஆகியவற்றுக்கு மீனவர் வழங்கும் சொற்கள் அகராதிகள் பலவற்றில் இன்னும் ஏறவில்லை. அவற்றைப் பேசும் முதியோர் குறைந்து வருகின்றனர். ஒவ்வொரு குப்பத்துக்கும் சென்று அச்சொற்களைக் கேட்டுப் பதிவு செய்யும் பணியை நம் வட்டம் பதினோராம் ஆண்டின் முதற்பணியாக மேற்கொள்ள வேண்டும் என்று இவ்வவையில் முன்மொழிகிறேன். அதற்கு என்னாலும் என் மாணவியராலும் இயன்ற உழைப்பைத் தருவோம் என்றும் உறுதி கூறுகிறேன்.

அன்பர்களே, நாடு என்ற சொல்லில் நம் முன்னோர் இரண்டு அளவுகளை வைத்தார்கள். ஒன்றின் பொருட்டு மற்றொன்றைக் கைவிடவில்லை. பேரரசுகள் பெயரை மாற்றின. ஊர்கள் பெயரைக் காத்தன. கலப்பையைச் சின்னமாகக் கொண்டவர்கள் முடியின்றியே பெரியநாடு கண்டார்கள். சேக்கிழார் ஊர்ப்பெயர் ஒன்றையும் விடாமல் அறுபத்துமூவரைத் தொகுத்தார். உறுப்பு நலிந்தால் உடல் நலம் பெறாது. எண்ணூரின் காற்று தூய்மையாகும் நாளில்தான் சென்னை நலமுறும்; சென்னை நலமுற்றால் தமிழ்நாடும், தமிழ்நாடு நலமுற்றால் இந்தியப் பெருநாடும் நலமுறும். அந்த வரிசையைக் கீழிருந்து எண்ணத் தொடங்குவோம்.

வட்டம் வெள்ளி விழாவும் பொன் விழாவும் காண வாழ்த்துகிறேன்.